படத்தில் இல்லாத கோடு

ஜூன் 4

சீமாட்டிக்கு,

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். என் போன் இப்போது உங்கள் இலாகாவின் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது. நேற்றுக் காலை கடையைத் திறந்து ஜெராக்ஸ் மெஷின் சூடாவதற்குள் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஒருவன் கணினியின் ஒயரைப் பிடுங்கினான். இன்னொருவன் கடையைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான். எட்டடிக்கு ஆறடிக் கடையில் சுற்றுவதற்கு என்ன இருக்கிறதோ தெரியவில்லை. மூன்றாமவன், அவர்களில் பெரியவன், "நீங்கதான் இதுக்குத் தலைவியா?" என்றான். எந்தச் சங்கத்துக்கு என்று கேட்டேன். அவனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

பிறகு ஒரு தாளை விரித்தான். கோலிக்குண்டுகளைக் கொட்டி நூலால் கட்டிப்போட்ட மாதிரி ஒரு படம். நடுவில் பெரிதாக ஒரு சிவப்புக் குண்டு. அதிலிருந்து இருநூற்றுப் பதினான்கு கோடுகள். அந்தச் சிவப்புக் குண்டு நான்தானாம். என் போன் எண்ணைக் கொடுத்து இருநூற்றுப் பதினான்கு பேர் அடையாள அட்டை வாங்கியிருக்கிறார்களாம். அதில் பத்தொன்பது பேர் பூமியிலேயே பிறக்காதவர்களாம். ஏழு முகம், பத்தொன்பது பெயர். அந்த அட்டைகளைக் காட்டி வாடகைக்குக் கார் எடுத்து, காரோடு காணாமல் போயிருக்கிறார்கள். அவர்களை உற்பத்தி செய்தவள் நான்.

நான் என்ன செய்கிறேன் என்று ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும். அடையாள அட்டை அலுவலகத்துக்கு எதிரில் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறேன். போன் எண் இல்லாவிட்டால் உங்கள் கணினி விண்ணப்பத்தை வாங்காது. போன் இல்லாதவன் எங்கே போவான்? என் எண்ணைப் போடுகிறேன். ஓடிபி எனக்கு வரும். அவர்கள் வந்து, "அக்கா, எண் வந்துச்சா?" என்று கேட்பார்கள், சொல்வேன். எதிரில் இருக்கும் கவுண்டர்காரர்களே, "போன் இல்லையா, அந்த ஜெராக்ஸ் அக்காகிட்ட நம்பர் வாங்கிட்டு வா" என்று அனுப்புகிறார்கள். இதைச் சொன்னேன். "அதை எழுத்துல குடுங்க" என்றான். நாள் முழுக்க ஊருக்கு எழுதிக் கொடுக்கிறவளிடம் சொல்கிறான்.

கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். இருபத்தாறாம் தேதி உங்கள் தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் கொண்ட குழு கூடுகிறது. நான் வரத் தேவையில்லையாம், விளக்கத்தைத் தபாலில் அனுப்பினால் போதுமாம். அந்த மூன்று பேரும் தலையாட்டினால் கடை உரிமம் போய்விடும், என் மேல் போலீஸ் வழக்கும் வரும்.

படம் வரைவதுதான் இப்போது உன் உத்தியோகம் என்று கேள்விப்பட்டேன். இதை வரைந்த புண்ணியவான் யார் என்று மட்டும் சொல். உன்னிடம் கேட்க எனக்கு ஆசையில்லை. வீட்டுக்காரர்தான், "உன் தங்கச்சிதானே அங்க இருக்கா, ஒரு வார்த்தை எழுதேன்" என்று நச்சரிக்கிறார். மார்ச் மாதம் நடந்தது அவருக்குத் தெரியாது. நீ உன் மேலதிகாரியோடு காரில் வந்து என் கடை வாசலில் இறங்கினாய். நான் கரி படிந்த கையோடு சிரித்துக்கொண்டே வந்தேன். நீ என் முகத்தைப் பார்க்காமல், யாரோ ஒரு கடைக்காரியிடம் சொல்வதுபோல, "இதுல ரெண்டு காப்பி போடுங்க" என்றாய். போட்டேன். ரசீது கேட்டாய். எழுதினேன். உன்கூட வந்த பெரிய மனிதராவது, "நல்லதே நடக்கும்மா" என்று எனக்கு ஆசி வழங்கிவிட்டுப் போனார்.

அந்த ரசீதின் அடிக்கட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

குண்டூசி
(சின்ன வயதில் நீ வைத்த பெயர்தான். மறந்திருப்பாய் என்று எழுதுகிறேன்.)


ஜூன் 9

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பியிருக்கிறாய். இனி எழுதுவதானால் வீட்டு முகவரிக்கு எழுது. உறையின் பின்புறம் உன் பெயர் வேண்டாம்.

அந்தப் படத்தை வரைந்தது நான்.

நான் வரைந்தேன் என்பதுகூடச் சரியில்லை, மென்பொருள் வரைகிறது. ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. ஒவ்வொரு போன் எண்ணும், முகவரியும், புகைப்படமும் ஒரு புள்ளி. இரண்டு பேர் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் இருவரிடமிருந்தும் அந்த எண்ணுக்குக் கோடு போகும். லட்சம் விண்ணப்பங்களை அடுக்கி வைத்துப் படித்தால் ஒருவருக்கும் ஒன்றும் புலப்படாது. படமாகப் போட்டால் பார்த்தவுடன் தெரியும். போலி ஆட்களைத் தனித்தனியாகத் தயாரிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரு எண்ணை, ஒரு முகத்தை, ஒரு கதவிலக்கத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். கோடுகள் எங்கே குவிகின்றனவோ அங்கே போய்க் கதவைத் தட்டினால் ஆள் இருப்பான்.

குவிந்த இடத்தில் உன் எண் இருந்தது. பார்த்ததும் தெரிந்தது, அது எனக்கு மனப்பாடம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். பிறகு சிவப்பு நிறம் கொடுத்தேன். எண் எண்தான். யாருடையது என்று பார்த்து நிறம் கொடுத்தால் அது விசாரணை இல்லை.

உன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஊரில் இருக்கிற எல்லாருக்கும் உன் எண்ணை வாரி வழங்கிவிட்டுத் தர்மம் பண்ணியதாக நினைக்கிறாய். அது கையெழுத்து மாதிரி. இருநூறு பேருக்கு வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கிறாய். உன்னிடம் வருகிறவர்கள் செய்தால் அறியாமை. நீ செய்தால் அலட்சியம்.

வழக்கில் உறவினர் இருந்தால் அதிகாரி அதை எழுதிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும் என்று விதி இருக்கிறது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. படத்தில் உனக்கும் எனக்கும் நடுவில் கோடு இல்லை. உன் முகவரி வேறு, என் முகவரி வேறு, நமக்குப் பொதுவாக அதில் எதுவுமே இல்லை. உனக்கும் அதுதான் நல்லது. வேறு ஒருவர் கைக்குப் போனால் உன்னை இன்னும் மோசமாக நடத்துவார்.

என் யோசனை இது. கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு ஒரு பக்கத்தில் எழுது. பழமொழி எழுதாதே. எங்கள் மேலதிகாரி நல்லவர். மேசைக் கண்ணாடிக்கு அடியில் பொன்மொழிகளாக வெட்டி வைத்திருப்பார், அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே பொன்மொழி. குழுவுக்கு அறிக்கை தருவது அவர்தான். முதல் தவறு என்று சொல்லி, போலீஸ் வரை போகாமல் உரிமத்தோடு முடித்துவிடுவார் என்று நினைக்கிறேன். கடை போகும். அதற்கு வழியில்லை.

மார்ச் மாதத்து விஷயத்தை எழுதியிருந்தாய். ரசீது கேட்பது எங்கள் விதிமுறை.


ஜூன் 12

சீமாட்டிக்கு,

வணக்கம் என்று ஆரம்பித்துக் கையெழுத்தே இல்லாமல் முடித்திருக்கிறாய். கரண்டைத் துண்டிக்கப் போகிறோம் என்று வரும் நோட்டீசில்கூட அடியில் ஒருத்தர் பெயர் இருக்கும்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து சிவப்பு அடித்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை நான் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டவில்லை. உன் கடிதம் வந்ததும், "என்ன எழுதியிருக்கா?" என்று ஆசையாகக் கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாள் என்றேன். உனக்காக நான் பொய் சொல்வது இது முதல் தடவை இல்லை.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். நீ படித்தவள், நான் ஜெராக்ஸ்காரி, ஆனாலும் கேட்கிறேன். சீல் வைத்தபோது கொடுத்த நோட்டீசில் அந்தப் பத்தொன்பதோடு சேர்த்து இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் இருந்தன. நான் எழுதிக் கொடுக்கும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பேன். தேதி, பெயர், என்ன வேலை. உங்கள் மூன்று சூரர்களும் கணினியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், ஸ்டேப்ளரைக்கூட எடுத்துக்கொண்டு போனார்கள், நோட்டை விட்டுவிட்டார்கள். ஏனென்றால் அதை ஆடுகிற மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். சீல் வைப்பதற்குமுன் செருப்பை எடுக்கிற சாக்கில் உருவிக்கொண்டு வந்துவிட்டேன். நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். மற்ற நூற்றுத் தொண்ணூற்றைந்து பேரும் இருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பதில் ஒன்றுகூட இல்லை.

எண் மட்டும் என்னுடையது. அது எப்படி? சில சமயம் உங்கள் ஆபீசிலிருந்தே எனக்குப் போன் வந்திருக்கிறது. "தலைமை அலுவலகத்துலேர்ந்து பேசறோம், ஒரு எண் வந்திருக்கும் பாருங்க, படிங்கம்மா." படித்திருக்கிறேன். அலுவலகமே கேட்டால் மாட்டேன் என்பேனா? அந்த ஆள் மரியாதையாகப் பேசுவார். முடிக்கும்போது நல்லதே நடக்கும் என்பார்.

இன்னொன்று. நான் எழுதினாலும் சரி, அந்தப் பத்தொன்பது பேரை எவன் எழுதினாலும் சரி, உள்ளே இருக்கும் ஒருத்தர் பார்த்து, சரி என்று பொத்தானை அழுத்தாமல் அட்டை வராது. எனக்குப் பதினாறு வருஷமாக எதிரில் உட்கார்ந்து பார்த்த அறிவு இது. உன் படத்தில் விண்ணப்பம் எழுதியவள் இருக்கிறாள், போன் இருக்கிறது, வீட்டுக் கதவு இருக்கிறது. பொத்தானை அழுத்தியவர்கள் எங்கே? லட்சம் பேரைப் படம் போட்டவர்கள் உங்களை மட்டும் எங்கே வைத்தீர்கள்?

பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் இன்றைக்கு வீட்டுக்கே வந்துவிட்டார். அவருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அட்டை முடக்கப்பட்டிருக்கிறது என்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என் எண்ணோடு ஒட்டியிருந்ததால் நூற்றுத் தொண்ணூற்றைந்து பேருக்கும் இதே கதிதான். "நான் உயிரோட இல்லைங்கறாங்களா அக்கா?" என்று கேட்டார். ஆமாம், புள்ளியாகத்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லாமல் மோர் கொடுத்து உட்கார வைத்தேன்.

நீ சொன்ன மாதிரி ஒரு பக்கத்தில் எழுத முடியவில்லை.

குண்டூசி


ஜூன் 16

உனக்குப் புரிவது கடினம், இருந்தாலும் விளக்குகிறேன்.

அதிகாரிகளும் படத்தில் உண்டு. எந்த விண்ணப்பத்துக்கு யார் ஒப்புதல் கொடுத்தார் என்பதும் பதிவாகும். ஆனால் ஒரு அதிகாரி ஒரு நாளில் நூறு பேருக்கு ஒப்புதல் கொடுப்பார். அத்தனை கோடுகளும் இருந்தால் படம் வெறும் கிறுக்கலாகிவிடும். அதனால் காலையில் முதல் வேலையாக அதிகாரிகளின் புள்ளிகளையெல்லாம் மறைத்துவிடுவோம். ஒரே ஒரு பொத்தான். எங்கள் பிரிவில் இதற்குப் பெருக்குதல் என்று பெயர். மார்ச்சில் நான் ஒப்புதல் பிரிவிலிருந்து இங்கே வந்தபோது பொன்மொழி ஐயாதான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். "வீட்டைப் பெருக்கிட்டுத்தானேம்மா சமைக்க உட்காரணும்?" என்றார். மூன்று மாதமாகப் பெருக்காமல் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

இது வேலைமுறை. கள்ளத்தனம் இல்லை. சாலையில் விபத்து நடந்தால் சாலையைப் போட்டவனையா பிடிப்பார்கள்? நல்லதே நடக்கும் என்று நாட்டில் ஆயிரம் பேர் சொல்வார்கள். உன் நோட்டு நீயே எழுதியது, அதைக் குழு ஒரு பொருட்டாகவே பார்க்காது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழமொழி எனக்கும் தெரியும்.

வாட்ச்மேன் விஷயம் வருத்தம்தான். தனியாக மனுக் கொடுக்கச் சொல்.

ஜூன் 17

அக்கா,

மேலே இருப்பதை நேற்று எழுதினேன், தபாலில் போடவில்லை. நீ சொல்வது முட்டாள்தனம் என்று ஆதாரத்தோடு எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால் இன்று காலை பெருக்காமல் உட்கார்ந்தேன்.

பத்தொன்பது பேரை மட்டும் வைத்துக்கொண்டு அதிகாரிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். உன் கடைக்கு எதிரில் இருக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு கோடுகூட வரவில்லை. மற்ற நூற்றுத் தொண்ணூற்றைந்து பேருக்கும் அங்கேதான் ஒப்புதல் ஆகியிருக்கிறது. இந்தப் பத்தொன்பதும் தலைமை அலுவலகத்தில், ஒரே ஒரு அதிகாரியின் புள்ளிக்குப் போகின்றன.

அந்தப் புள்ளி நான்.

ஜனவரி 11 முதல் 21 வரை. என் பெயர், என் பாஸ்வேர்ட். இரண்டு முறை பார்த்தேன், நாற்காலியை மாற்றி உட்கார்ந்தும் பார்த்தேன். நான் செய்யவில்லை. அந்த நாட்களில் எனக்கு மஞ்சள் காமாலை, படுக்கையில் கிடந்தேன். அதற்குமேல் எதுவும் தெளிவாக நினைவில்லை.

உடனே எல்லாவற்றையும் பெருக்கிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு.


ஜூன் 20

சீமாட்டிக்கு,

கிழிக்கவில்லை. காகிதத்தில் பிழைக்கிறவள் காகிதத்தைக் கிழிக்க மாட்டாள்.

நடுவில் நான் இருந்தபோது எண் எண்தான் என்று சிவப்பு அடித்தாய். நடுவில் நீ இருப்பதைப் பார்த்ததும் பெருக்கிவிட்டாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். அதைத் தினமும் காலையில் ஒரு பொத்தானை அழுத்தி மறைத்துவிட்டுச் சம்பளமும் வாங்குகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன். இவ்வளவு பெரிய மென்பொருளை வாங்கி, முதலில் தங்கள் தலையை அதிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டு, பிறகு திருடனைத் தேடுகிறீர்கள். வாட்ச்மேனுக்குப் புரை கண்ணில் மட்டும்தான்.

உனக்கு நினைவில்லாதது எனக்கு நினைவிருக்கிறது. ஜனவரி பதினொன்றாம் தேதி காலையில் நான் பஸ் ஏறினேன், இருபத்திரண்டாம் தேதிதான் திரும்பினேன். நடுவில் உன் மூன்றாவது மாடி அறையில், தண்ணீர் வராத குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டு, உப்பில்லாமல் சமைத்து உனக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். வந்த அன்றைக்கே உனக்கு ஆபீசிலிருந்து போன் வந்தது. "பாஸ்வேர்டா சார்? சொல்றேன் சார், எழுதிக்கங்க" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய். குண்டூசி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் காலையில் என் பெயரைத் தட்டித்தான் வேலையை ஆரம்பிக்கிறாள் என்று நினைத்து, உன் மஞ்சள் மூஞ்சியைக்கூட அன்றைக்குக் கொஞ்சம் அழகாகப் பார்த்தேன். இரண்டு மாதம் கழித்துத்தான் ரசீது கேட்டாய்.

அதே நாட்களில்தான் எனக்கும் அந்தப் போன்கள் வந்தன. நீ முனகிக்கொண்டு படுத்திருப்பாய், நான் சன்னல் பக்கம் போய் நின்று எண்ணைப் படிப்பேன். ஒரே அறையில், ஒரே ஆளுக்கு, நீ சாவியைக் கொடுத்தாய், நான் தாழ்ப்பாளை எடுத்துவிட்டேன். எங்கள் கவுண்டர்காரர்களுக்குப் பழகிப்போன எண், அதோடு உண்மையான ஆட்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறார்கள், நாளைக்கு மாட்டினால் ஜெராக்ஸ்காரி தலையில் கட்டிவிடலாம். உங்கள் பொன்மொழி நன்றாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாம் இரண்டு நுணல்கள், ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

மார்ச்சில் என் கடை வாசலில் நின்று நல்லதே நடக்கும்மா என்றபோதே அந்தக் குரல் எங்கேயோ கேட்டதாக இருந்தது. உன் மேல் இருந்த எரிச்சலில் மண்டையில் ஏறவில்லை. அந்த ஆள் காப்பி எடுக்க வரவில்லை, எண்ணுக்குச் சொந்தக்காரி எப்படிப்பட்டவள் என்று பார்க்க வந்திருக்கிறார்.

நோட்டை இதோடு அனுப்புகிறேன். ஜனவரி பக்கத்தைப் பார். "கடை விடுமுறை. சீமாட்டிக்கு மஞ்சள் காமாலை" என்று எழுதி இருபத்திரண்டு வரை ஒரு கோடு இழுத்திருக்கிறேன். நானே எழுதியது என்று குழு ஒதுக்கிவிடும் என்றாயே, போன பஸ் டிக்கெட்டும் வந்த பஸ் டிக்கெட்டும் அதே பக்கத்தில் குத்தியிருக்கின்றன. அவற்றை நான் அச்சடிக்கவில்லை.

இதைக் காட்டினால் நான் கடையில் இல்லை என்றும், நீ ஆபீசில் இல்லை என்றும் ஆகும். ஆனால் ஜெராக்ஸ்காரி எதற்காகப் பதினோரு நாள் உன் அறையில் இருந்தாள் என்று கேட்பார்கள். ரசீது கேட்டவள் அதற்கு என்ன சொல்வாள்? உறவை மறைத்ததற்கும், பாஸ்வேர்டைச் சொன்னதற்கும் உன் வேலை போகும். காட்டாவிட்டால் நான் உள்ளே போவேன், உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். வேறு கடை போட எனக்குத் தெரியும். உனக்கு மவுசைத் தவிர வேறு எதையும் பிடிக்கத் தெரியாது. அடுப்பில் போடுவதானாலும் போடு, நான் அங்கே வந்து பார்க்கப் போவதில்லை.

இங்கே மேசை ஆடும் என்பது மட்டும்தான் எனக்குக் கவலை. அதற்கும் சீலை உடைத்தால்தானே.

குண்டூசி


ஜூன் 27

அக்கா,

ரசீது கேட்டது விதிமுறை இல்லை. முதலில் அதை எழுதிவிடுகிறேன். அன்று காரில் வரும்போது, "இந்த மாதிரி பொட்டிக்கடை ஆளுங்கள நம்பவே கூடாதும்மா" என்று பொன்மொழி சொல்லிக்கொண்டு வந்தார், நான் ஆமாம் சார் போட்டுக்கொண்டு வந்தேன். நீ சிரித்துக்கொண்டு வெளியே வந்ததும் எனக்கு வெட்கமாக இருந்தது. உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். அதைவிடக் கேவலமான காரியம் நான் செய்ததில்லை.

இருபத்தைந்தாம் தேதி மதியம் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். யார் எப்போது எதைத் திறந்தார் என்பதும் பதிவாகும் என்பதை மறந்துவிட்டேன். "பதினேழாம் தேதி பெருக்காம உட்கார்ந்தியாம்மா?" என்றார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த பொன்மொழிகளைப் படித்துக்கொண்டு நின்றேன். "தொறந்தா முதல்ல தெரியற மூஞ்சி உன்னுதுதான். எவளோ ஒரு ஜெராக்ஸ்காரிக்காக நீ ஏன் கஷ்டப்படணும்? நல்லதே நடக்கும், போ." அவருக்கு நீ யார் என்று தெரியாது. எவளோ என்று அவர் சொன்னபோதுதான் அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. ரெண்டு காப்பி போடுங்க என்று சொன்ன அன்றைக்கே.

நேற்றுக் குழு கூடியது. தலைவர் ஒரு வயதான அம்மா, பேனாவைத் தட்டிக்கொண்டே இருப்பவர். திரையில் உன்னைச் சிவப்பாகக் காட்டிப் பொன்மொழி அறிக்கை வாசித்தார். அடுத்து என் முறை. நான் எழுந்து பத்தொன்பது பேரைத் தவிர மற்றவர்களை எடுத்துவிட்டு, மறைத்திருந்த அதிகாரிகளைத் திறந்தேன். பத்தொன்பது கோடுகளும் திரையின் மறுபக்கத்துக்குத் திரும்பின. "அந்த அதிகாரி யாரு?" என்றார் தலைவர். "நான்தான் மேடம்." அறையில் ஒருவர் இருமினார். அந்த நாட்களில் நான் விடுப்பில் இருந்ததையும், பாஸ்வேர்டைப் போனில் யாருக்குச் சொன்னேன் என்பதையும் சொன்னேன். எந்தக் கணினியிலிருந்து ஒப்புதல் ஆனது என்று எடுக்கச் சொன்னார் தலைவர். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தொன்பதும் பொன்மொழியின் அறைக் கணினி.

அவர் அசரவில்லை. நானும் அந்த ஜெராக்ஸ்காரியும் சேர்ந்து செய்துவிட்டு அவர் அறையைப் பயன்படுத்தியிருக்கலாமே என்றார். அப்போது என் டாக்டர் சீட்டோடு உன் நோட்டையும் வைத்தேன். தலைவர் டிக்கெட்டுகளைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "சீமாட்டின்னு எழுதியிருக்கே, யாரது?" என்றார். "நான்தான்." "இதை எழுதினவங்க உங்களுக்கு யாரு?"

அந்த மென்பொருளில் கையால் கோடு போடவும் வழி இருக்கிறது. கணினிக்குத் தெரியாத தொடர்பு ஏதாவது நமக்குத் தெரிந்திருந்தால் போடலாம். நான் இதுவரை போட்டதில்லை. வாயால் பதில் சொல்வதற்குப் பதிலாக, உன் புள்ளியிலிருந்து என் புள்ளிக்கு ஒரு கோடு இழுத்தேன். என்ன தொடர்பு என்று கேட்டது. அக்கா என்று தட்டினேன்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கணும்மா" என்றார் பொன்மொழி. அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மையான பொன்மொழி.

உன் மேல் வழக்கு இல்லை. திங்கட்கிழமைக்குள் சீலை எடுத்துவிடுவார்கள். இனி உன் எண்ணை யாருக்கும் போடக் கூடாது என்று எச்சரிக்கை வரும், அதை மதி. முடக்கிய நூற்றுத் தொண்ணூற்றைந்து அட்டைகளும் நேற்று மாலையே திறக்கப்பட்டன. வாட்ச்மேனுடையதை நானே நின்று பார்த்தேன். பொன்மொழியைப் போலீஸ் அழைத்துப்போனது. மேசைக் கண்ணாடி அப்படியே இருக்கிறது. என்னைத் தற்காலிகமாக நீக்கியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் அது நிரந்தரமாகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பயமாக இருக்கிறது.

நோட்டைக் குழு வைத்துக்கொண்டது. ரசீது வாங்கியிருக்கிறேன். நான் கோடு இழுத்த அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


ஜூலை 2

சீமாட்டிக்கு,

சீலை உடைக்க அதே மூன்று பேர் வந்தார்கள். ஸ்டேப்ளரைத் திருப்பிக் கொடுத்தார்கள், அதற்குள் இருந்த பின் ஒன்றையும் காணவில்லை. பெரியவன், "ஒரு சின்ன தப்பு நடந்துபோச்சுங்க" என்றான். பரவாயில்லை, தலைவி மன்னித்துவிட்டாள் என்றேன். இந்த முறையும் அவனுக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

வாட்ச்மேன் நேற்று ஒரு கண்ணில் கட்டோடு வந்தார். மற்ற கண்ணையும் முடித்துவிட்டு வந்து உன்னைப் பார்க்க வேண்டுமாம். பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். என் எண்ணை யாருக்கும் போடுவதில்லை. போன் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டு உங்கள் குழுவுக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன், பழமொழிகளோடு.

உன் படத்தைப் பார்த்தேன். லட்சம் கோடு போட்டவளுக்கு இரண்டு குண்டுக்கு நடுவில் ஒரு கோட்டை நேராக இழுக்க வரவில்லை. வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த ஒரு கோட்டுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். அவருக்கு மார்ச் மாதத்தைச் சொல்ல வேண்டி வந்தது. எனக்கும் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கடையைத் திறக்க முடியவில்லை, வேறு ஒன்றும் இல்லை, கண்ணில் தூசி நிறைய சேர்ந்துவிட்டது.

வேலையும் இல்லாமல் அந்தத் தண்ணீர் வராத அறையில் உட்கார்ந்துகொண்டு பயப்படாதே. காலி செய்துவிட்டு வா. விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கக் கடைக்கு ஒரு ஆள் தேவைப்படுகிறது. அதையாவது ஒழுங்காகச் செய்கிறாயா பார்க்கலாம். காலையில் வந்ததும் கடையைப் பெருக்க வேண்டும், நிஜத் துடைப்பத்தால். வழியில் ஆபீசுக்குப் போய் ரசீதைக் காட்டி நோட்டை வாங்கிக்கொண்டு வா, மேசை ஆடுகிறது.

படத்தை ரெண்டு காப்பி போட்டேன். ஒன்றைக் கடைச் சுவரில், வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கிறேன். இன்னொன்று உனக்கு. இதற்கு ரசீது கிடையாது.

அக்கா